நிமிராதே என்று சொன்னது யார்?

தெருவில் படம் எடுப்பதற்கென்று ஒரு வித்தை இருக்கிறது. ஆள் தெரியாமல் நில். கிட்டே போ. கேட்காதே, கேட்டால் இயல்பு கெட்டுப்போகும். எடுத்ததும் நகர்ந்துவிடு. இந்த வித்தையை இப்போது கூரைக்கு அடியிலும் கொண்டுவந்துவிட்டார்கள். டேனரி, ஷூ கம்பெனி, பனியன் கம்பெனி, மீன் மார்க்கெட், ஆஸ்பத்திரிச் சமையல்கட்டு என்று எங்கெல்லாம் ஆட்கள் நெருக்கியடித்து வேலை செய்கிறார்களோ, அங்கெல்லாம் தெருவில் எடுப்பது போலவே எடுக்கலாம் என்று பயிலரங்குகளில் சொல்லித் தருகிறார்கள். "வேலை செய்ற எடம்னா கூரை போட்ட தெருதான்" என்று சென்னையில் ஒருவர் சொல்ல, கூடியிருந்தவர்கள் குறிப்பெடுத்துக் கொண்டதை நானே பார்த்தேன்.

அது தெரு அல்ல. அதைத் தெரு என்று சொல்பவர் அங்கே ஒருநாள்கூடக் கூலிக்கு நின்றவர் அல்ல.

நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரி. அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் இழுத்தவர். அம்மாவும் நானும் ஷூ கம்பெனி. ஒன்பது வருஷம் ஸ்டிச்சிங் லைனில் அப்பர் தைத்தேன். அப்புறம் சித்தப்பா மகனுடைய ஸ்டுடியோவில் கேமரா கற்றுக்கொண்டேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சாவு, சங்கக் கூட்டம் எல்லாம் எடுக்கிறேன். அனுமதி கிடைக்கிற இடங்களில் வேலை செய்கிறவர்களையும் எடுக்கிறேன். கேமராவுக்கு முன்னாலும் நின்றிருக்கிறேன், பின்னாலும் நிற்கிறேன். அந்தத் தகுதியில் இதை எழுதுகிறேன்.

இந்த வித்தையின் வேதப் புத்தகம் 1952இல் வந்தது. ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட புத்தகம். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயர் 'தீர்மானமான கணம்' என்று பொருள்படும். உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் பரவியது. ஆனால் பிரெஞ்சுத் தலைப்பு வேறு. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கடை விரித்து, போலீஸ் வந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரியைச் சொல்லும் சொல்லிலிருந்து எடுத்த தலைப்பு அது. கள்ளத்தனமும் அவசரமும் கலந்த சொல். ஆங்கிலத்துக்கு வந்தபோது கள்ளத்தனம் போய்விட்டது, தீர்மானம் மட்டும் தங்கிவிட்டது.

தெருவில் படம் எடுப்பவர் அந்த வியாபாரி மாதிரிதான் என்று வாதத்துக்காக ஒத்துக்கொள்வோம். அவருக்கும் அங்கே அதிகாரம் இல்லை. யாராவது சட்டையைப் பிடித்தால் ஓட வேண்டியதுதான். தெருவில் போகிற ஆளுக்கு நாலு வழி இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். முந்தானையால் மறைக்கலாம். "இன்னாத்துக்குயா படம் புடிக்கிற?" என்று கேட்கலாம். எதுவும் வேண்டாமென்றால் நடந்து போய்விடலாம்.

லைனில் உட்கார்ந்திருப்பவள் எங்கே நடந்து போவாள்? முன்னால் பீஸ் வந்து குவிகிறது. மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதிவைத்திருக்கிறான். பாத்ரூம் போவதற்கே சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கணும். இந்த இடத்துக்குள் வருகிற கேமராக்காரர் ஓடுகிற வியாபாரி இல்லை. மேனேஜரோடு காரில் வருகிறார். ஏசி ரூமில் டீ குடிக்கிறார். அனுமதி முதலாளி கொடுத்தாகிவிட்டது. அவள் உடம்பை எட்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தவன், அந்த உடம்பின் படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். கூலி ஒப்பந்தத்தில் கைக்குத்தானே விலை பேசினோம்? முகத்துக்கு எப்போது விலை பேசினோம்?

நான் லைனில் இருந்தபோது இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். அவர்கள் உள்ளே வருவதற்கு அஞ்சு நிமிஷம் முன்னால் சூப்பர்வைசர் வந்து சொன்னார்: "யாரும் நிமிராதீங்கம்மா. கேமராவப் பாக்காதீங்க. பேசாதீங்க. எப்பவும் போல நேச்சுரலா வேலை செய்ங்க." நாங்கள் நிமிரவில்லை. அவர்களும் சத்தமில்லாத ஷட்டரில், ஆள் அரவமே இல்லாமல், பயிலரங்கில் சொன்ன மாதிரியே எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களில் ஒருத்தியின் படத்துக்குக் கீழே அப்புறம் ஒரு வரி போட்டிருந்தார்கள்: தன் வேலையில் தன்னை மறந்த பெண்.

தன்னை மறக்கவில்லை ஐயா. கழுத்து வலி ஞாபகத்தில் இருந்தது. நின்றுபோன பஸ்ஸும் வீட்டில் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையும் ஞாபகத்தில் இருந்தார்கள். கேமரா நிற்பதும் தெரிந்தது. நிமிரக் கூடாது என்பதும் தெரிந்தது. தெருவில் ஒருவர் கேமராவைப் பார்க்கவில்லை என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்குள் ஒருவர் கேமராவைப் பார்க்கவில்லை என்றால் அவருக்கு உத்தரவு என்று அர்த்தம். இரண்டு படமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று இயல்பு, இன்னொன்று ஒழுங்கு நடவடிக்கை. இந்த வித்தியாசம் புரியாதவர்கள்தான் கட்டளைக்குக் குனிந்த தலையைக் கலை என்று சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்களுக்குக் கேமரா புதுசு இல்லை. கூரையில் ஏற்கனவே ஒன்று தொங்குகிறது. யார் பேசினாள், யார் எழுந்தாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அடையாள அட்டைக்கு ஒரு படம் எடுத்தார்கள். "நேரா பாரு, சிரிக்காத" என்றார்கள். ஆக, அட்டைப் படத்தில் நேராகப் பார்க்கணும், கலைப் படத்தில் பார்க்கவே கூடாது. இரண்டையும் தீர்மானிக்கிறவன் நம்மில் ஒருவன் இல்லை. இது இங்கே மட்டும் நடந்த கதையும் இல்லை. 1970இல் அமெரிக்காவில் போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்த கறுப்பினத்தவர் இருவர், கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும், தங்கள் கம்பெனியின் உடனடிப் படக் கேமராதான் தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களை அடைத்துவைக்கும் பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பயன்படுகிறது என்று கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். ஹன்டரை வேலையை விட்டே நீக்கினார்கள். 1977இல் அந்தக் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டிவந்தது. கேமரா யார் கையில், எதற்காக என்ற கேள்வியைக் கேட்டது தொழிலாளிதான், கலைஞர் இல்லை.

நம் ஊர்க் கதை அதற்கும் பழசு. சென்னை மியூசியத்தில் அதிகாரியாக இருந்த எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார், படமும் எடுத்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதி வந்தது. கேமரா நம்மிடம் முதலில் வந்தது அளவுகோலோடு. அப்போதும் நம் சம்மதம் யாரும் கேட்கவில்லை. அப்போது 'மாதிரி' என்றார்கள், இப்போது 'கணம்' என்கிறார்கள்.

அதனால்தான் நம் ஜனங்கள் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். குளித்து, பவுடர் பூசி, இரவல் கோட்டு மாட்டி, செருப்போடு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். ஊர்த் தெருவில் செருப்புப் போட முடியாதவன் படத்தில் போட்டுக்கொண்டான். நம் வீட்டுச் சுவரில் இருக்கிற அம்பேத்கர் கோட்டும் சூட்டும் போட்டு நிற்கிறார். அசந்திருக்கும்போது யாரோ பிடித்த படம் இல்லை அது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் 160 படங்களுக்கு மேல் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். கறுப்பர்களைக் கேலிச் சித்திரமாகவே வரைந்துகொண்டிருந்த நாட்டில் தன் முகத்தை எப்படிக் காட்டுவது என்று தானே தீர்மானித்தார். போஸ் கொடுத்த படம் பொய், அசந்தபோது எடுத்த படம் உண்மை என்கிற அழகியலை உண்டாக்கியவர்கள், தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் எண்ணெய் ஓவியம் மாட்டிவைத்திருந்தவர்கள். அவர்களுக்குப் போஸ் சலித்துவிட்டது. நமக்கு அது இன்னும் உரிமை.

சரி, ஒளிந்து எடுப்பதே தப்பா? இல்லை. யாரிடமிருந்து ஒளிவது என்பதுதான் கேள்வி.

இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வாக்கர் எவான்ஸ் 1938இலிருந்து 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கேமராவைக் கோட்டுக்குள் வைத்து, பொத்தான்களுக்கு நடுவில் லென்ஸை நீட்டி, கை ஒயரை சட்டைக் கைக்குள் விட்டு, எதிரில் உட்கார்ந்திருந்தவர்களை எடுத்தார். வேலை முடிந்து களைத்துப்போன முகங்கள். அவர்களில் யாருக்கும் தெரியாது. புத்தகமாக வந்தது 1966இல். ஒளிந்தது பயணிகளிடமிருந்து.

அவருக்கு முப்பது வருஷம் முன்னால் லூயிஸ் ஹைன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1908இலிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நூற்பு ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போனார். கேட்டில் உண்மையைச் சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். தீயணைப்பு ஆய்வாளர் என்றும், பைபிள் விற்பவர் என்றும், போஸ்ட் கார்டு வியாபாரி என்றும் வேஷம் போட்டார். ஆனால் உள்ளே போனதும் பிள்ளைகளிடம் பேசினார். பேர் என்ன, வயசு எத்தனை, எத்தனை வருஷமா வேலை செய்யற என்று கேட்டார். பாக்கெட்டுக்குள் கையை விட்டு அங்கேயே குறித்துக்கொண்டார். பிள்ளையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து அளந்தார். அந்தப் பிள்ளைகள் பலர் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். அவர் ஒளிந்தது முதலாளியிடமிருந்து. பிள்ளைகளிடமிருந்து அல்ல. அமெரிக்காவில் குழந்தைத் தொழிலுக்கு எதிரான முதல் கூட்டாட்சிச் சட்டம் 1916இல் வந்தது, 1918இல் நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது, 1938இல்தான் நிலைத்த சட்டம் வந்தது. அந்த நீண்ட சண்டையில் ஹைன் எடுத்த படங்கள் சாட்சி சொல்லின.

நம் பயிலரங்குக்காரர்கள் ஹைனைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். முதலாளியிடம் வெளிப்படையாகப் பேசுகிறார்கள், தொழிலாளியிடம் ஒளிகிறார்கள்.

தொழில்நுட்பம் தெரியாமல் அரசியல் பேசுகிறாள் என்பார்கள். தொழில்நுட்பமே பேசுவோம். தெருவில் வெயில் இருக்கிறது. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து, தூரத்தை இரண்டு மீட்டரில் முன்கூட்டியே பூட்டிக்கொண்டால் குறி பார்க்காமலேயே எடுக்கலாம். முன்னே பின்னே நகர்ந்தாலும் தெளிவாக விழும். கூரைக்கு அடியில் அது நடக்காது. ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினாலும் எஃப் 2க்கு வர வேண்டியிருக்கும். அப்போது தெளிவாக விழுகிற ஆழம் ஒரு முழம்கூடத் தேறாது. பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நம் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. ஷட்டரை 1/100க்கு மேலே தூக்கினால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஃபிளாஷ் அடித்தால் ஓடுகிற ஊசிக்கு முன்னால் இருப்பவள் திடுக்கிடுவாள், விரல் போகும். மேலே டியூப் லைட் எரிய கேமராவை ஆட்டோவில் விட்டால் நம் முகம் கறுப்புப் பொட்டாகிவிடும். அதற்கு 'சில்லவுட்' என்று பேர் வைத்து விற்கிறார்கள். முகத்துக்கு அளவெடு ஐயா, டியூபுக்கு எடுக்காதே. லைட் வெளுத்துப் போனால் போகட்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. தெருவில் கணம் போனால் போனதுதான். பள்ளத்தைத் தாண்டுகிற ஆள் மறுபடி வந்து தாண்டப் போவதில்லை. கேட்காமல் எடுப்பதற்கு அவர்கள் சொல்கிற ஒரே நியாயம் அதுதான். லைனில் என்ன நடக்கிறது? அப்பரை எடு, மடி, ஊசிக்குக் கீழே வை, கால் மிதி, திருப்பு, நூல் அறு, தள்ளு. முடிந்ததும் மறுபடி எடு. அதே கை, அதே சாய்வு, அதே வெளிச்சத்தில், ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான தடவை திரும்பி வருகிறது. நீ தவறவிட்ட கணம் அடுத்த நிமிஷம் வரும். சாயந்தரம் வரை வந்துகொண்டே இருக்கும். அந்தத் திரும்பத் திரும்ப வருவதுதான் எங்கள் தண்டனை. அதையே காரணமாக வைத்துச் சொல்கிறேன்: இங்கே திருட வேண்டிய அவசியமே இல்லை. கேட்டுவிட்டு எடுக்க நேரம் இருக்கிறது. கேட்காமல் எடுக்கிறாய் என்றால், கணத்துக்காக இல்லை. கேட்டால் அவள் மாட்டேன் என்று சொல்லக்கூடும் என்பதற்காக.

மாட்டேன் என்று அவள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெரு அக்கா ஒருத்தி பேஸ்டிங் செக்ஷனில் இருந்தாள். பசை வாடை தலைக்கு ஏறும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது, மூச்சைத்தான் தடுக்கும். காற்றுக்காக மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். வந்திருந்தவர் அதைப் பிடித்துவிட்டார். நல்ல படம்தான், பொய் சொல்ல மாட்டேன். படம் அச்சில் வந்தது. தோல் வாங்குகிற வெளிநாட்டு ஆள் அதைப் பார்த்து, மாஸ்க் எங்கே என்று கேட்டான். கம்பெனி என்ன செய்யும்? காற்றுப் போக்கி வைக்குமா? அக்காவுக்கு மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரச் சொன்னது. படம் எடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் அவளிடம் பேரைக்கூடக் கேட்கவில்லையே, எப்படித் தெரியும்? "கேட்டிருந்தா மாஸ்க்க போட்டுக்கினு எடுங்கன்னு சொல்லிருப்பேன், இல்லாட்டி மூஞ்சி தெரியாம எடுங்கன்னு சொல்லிருப்பேன்" என்றாள் அக்கா.

கணத்தைத் துரத்துகிற கண் தவறவிடுகிற இன்னொன்றும் உண்டு. டேனரியில் குரோம் ஏறிய தோல் ஈரத்தோடு நீலமாக அடுக்கியிருக்கும். ஜன்னல் வெளிச்சம் பட்டால் வானம் மாதிரி இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் அதை எடுக்கிறார்கள். அந்த நீலம் கழுவப்பட்டு எங்கே போகிறது? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாள்கணக்கில் நிரம்புகிற தொட்டிக்குத் தீர்மானமான கணம் கிடையாது. மெல்லக் கொல்வதை வேகமான ஷட்டர் பிடிக்காது. அதற்கு மறுபடி மறுபடி போக வேண்டும், கேட்க வேண்டும், உட்கார வேண்டும். டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றித் 'தோல்' நாவலை எழுதினார், 2012இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது. அந்த ஜனங்களுக்குள் இருந்து பார்க்காமல் அப்படி ஒன்றை எழுத முடியுமா? எழுத்துக்கு ஒரு நியாயம், படத்துக்கு ஒரு நியாயமா?

படத்திலும் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1942இல் வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகத்தில் துடைப்பம் போடும் எல்லா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்மணியை, அதே அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த கறுப்பினப் புகைப்படக்காரர் கோர்டன் பார்க்ஸ் எடுத்தார். பேசினார், கதை கேட்டார், அதன்பின் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடும் மாப்போடும் நிற்க வைத்தார். போஸ்தான். கேமராவுக்கு முன்னால் மறைக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறார். அதோடு விடவில்லை. வாரக்கணக்கில் அவர் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் போய் எடுத்தார். நம் பக்கத்தில் எம். பழனி குமார் மலக்குழித் தொழிலாளர்களோடு வருஷக்கணக்கில் நடக்கிறார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்தவர் அவர். துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தருகிறார். வித்தை இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். வித்தையை யாருக்கு வேலை செய்ய வைப்பது என்றும் தெரியும்.

எனவே கூரைக்குள் வருகிறவர்களிடம் கேட்கிறேன். கேட்டில் வாங்கிய அனுமதி கேட்டோடு முடிந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் தனியாகக் கேளுங்கள். சூப்பர்வைசர் இல்லாதபோது, டீ நேரத்தில், ஷிப்ட் மாறும்போது கேளுங்கள். அவன் நிற்கும்போது சொல்கிற 'சரி' சரி ஆகாது. எடுத்ததை அங்கேயே காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அழியுங்கள். எந்தப் படம் வேலைக்கு உலை வைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். எங்கே, யாருக்கு, எத்தனை பணத்துக்குப் போகிறது என்று சொல்லுங்கள். ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். அச்சில் பேர் போடலாமா கூடாதா என்பதை அவள் சொல்லட்டும்.

நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பல கம்பெனிகளில் ஷிப்டுக்குள் போகும்போது நம் போனை கேட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். டார்கெட் கெடும் என்கிறார்கள், டிசைன் வெளியே போய்விடும் என்கிறார்கள். நல்ல கேமரா இப்போது நம் ஒவ்வொருத்தி பையிலும் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் கழுத்தில் தொங்கும் கேமராவுக்குத் திறக்கிற கேட், உள்ளே வேலை செய்கிறவள் போனுக்கு ஏன் மூடுகிறது? காற்றுப் போக்கி ஓடவில்லை என்பதை, பூட்டிய பின்கதவை, டிரம் பக்கத்துத் தடுப்பு கழன்று கிடப்பதை எடுக்க எங்களுக்கு வெளியாள் தேவையில்லை. எங்கள் கண் போதும், எங்கள் போன் போதும். பாதுகாப்புக் கேட்டு அடுத்த பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது சங்கங்கள் இதையும் கோரிக்கையாக எழுதட்டும்: ஆபத்தைப் படம் எடுக்கத் தொழிலாளிக்கு உரிமை வேண்டும், எடுத்ததற்காக நடவடிக்கை கூடாது. அந்தக் கோரிக்கைத் தாளில் முதல் கையெழுத்துப் போட எங்கள் லைனில் ஆள் இருக்கிறது.